எலிக்குப் பயந்த சத்தியம்

ஜப்பானில் வாள் பிடித்தவன் வைத்ததே சட்டம் என்றிருந்த காலம் அது. ஓகிதானி என்ற ஊரின் வயல்களெல்லாம் மலைமேல் இருந்த பெரிய புத்தர் கோயிலுக்குச் சொந்தம். உழுவது குடியானவர்கள். விளைந்ததில் பெரும்பங்கு கோயிலுக்கு. காவலுக்கென்று வந்து உட்கார்ந்திருந்த அதிகாரி கனெமிட்சுவுக்கு ஒரு பங்கு. மிச்சம் ஏதாவது இருந்தால் அது உழுதவனுக்கு.

கனெமிட்சுவுக்குத் தன் பங்கு போதவில்லை. ஒருநாள் கோயில் நிலத்தின் எல்லைக் கட்டையைப் பிடுங்கி ஓடைக்கு இந்தப் பக்கம் நட்டான். ஓடையோர வயல் முழுக்கத் தன்னுடையது என்று சாதித்தான். ஊரின் வயிறு நிறைவதே அந்த வயலால்தான். குடியானவர்களின் தலைவர் தோகுரோ பதறிப்போய் அந்தப் பகுதியை ஆண்ட அஷிதா பிரபுவிடம் ஓடினார்.

பிரபுவுக்குத் தர்மசங்கடம். கனெமிட்சு அப்போதுதான் அவருக்கு அருமையான கறுப்புக் குதிரை ஒன்றைப் பரிசளித்திருந்தான். எனவே வழக்கைத் தூக்கித் தெய்வத்தின் தலையில் கட்டினார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. வழக்காடும் இருவரும் ஊர்த் தெய்வத்தின் சந்நிதியில் சத்தியம் செய்துவிட்டு ஒரு வாரம் அங்கேயே தங்க வேண்டும். அதற்குள் எவன் மூக்கில் ரத்தம் வருகிறதோ, எவன் தலையில் காக்கை எச்சமிடுகிறதோ, எவன் துணியை எலி கடிக்கிறதோ, அவன் செய்தது பொய்ச் சத்தியம்.

வாரம் முடிந்தது. இருவர் மேலும் ஓர் அடையாளமும் இல்லை.

பிரபு தன் ஆலோசகர் முனேதோகியைக் கூப்பிட்டார்.

"தெய்வம் வாயைத் திறக்கவில்லை. நீதான் பெரிய மூளைக்காரனாயிற்றே! பொய்யன் யாரென்று பொழுது சாய்வதற்குள் சொல். இல்லாவிட்டால் வயல் கனெமிட்சுவுக்கு. நீயும் அங்கேயே போய் நாற்று நடலாம்."

முனேதோகிக்கு எரிச்சலாக வந்தது. குதிரையை வாங்கிக் கட்டியவர் இவர், குனிந்து நாற்று நட வேண்டியவன் நானா? கேட்டால் தலை இருக்காது. பேசாமல் சந்நிதிக்கு நடந்தார்.

தோகுரோவுக்குக் கிடைத்தது ஓர் ஓட்டைக் கொட்டகை. கூரை வழியே வானம் தெரிந்தது. மூலையில் எலிகள் ஓடிப் பிடித்து விளையாடின.

"பயமாக இல்லையா?"

"எலிக்கா? அதுங்க பாட்டுக்கு வருதுங்க, போகுதுங்க ஐயா. வயல் போச்சுன்னா புள்ளைங்களுக்கு என்னத்தப் போடுறதுன்னுதான் பயமா இருக்கு."

கனெமிட்சுவின் அறையைப் பார்த்ததும் முனேதோகிக்குச் சிரிப்பு முட்டியது. தலைநகரிலிருந்து தருவித்த கொழுத்த பூனைகள். வாசலில் ஒன்று, ஜன்னலில் ஒன்று, மடியில் ஒன்று. அவன் கொல்லைப்புறம் போனால்கூட வேலைக்காரன் குடையோடு பின்னால் ஓடினான். மூக்கு நிறையப் பஞ்சு.

"மூக்கில் என்ன?"

"ஜலதோஷம்" என்றான் கனெமிட்சு, மூக்கடைத்த குரலில்.

முனேதோகி பிரபுவை அங்கேயே வரவழைத்தார். கோயிலின் சார்பில் ஒரு துறவியும் வந்து நின்றார்.

"பிரபுவே, தெய்வத்துக்கு இன்னும் ஒரு நாள் கொடுங்கள். இருவரும் இடம் மாறிக்கொள்ளட்டும். தோகுரோ இந்த அறையில். கனெமிட்சு அந்தக் கொட்டகையில். பூனை, குடை, பஞ்சு எல்லாம் இந்த அறையிலேயே இருக்கட்டும்."

தோகுரோ உடனே போய்ப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். கனெமிட்சுவின் முகம் வெளுத்தது.

"அங்கே எலி இருக்கிறது!"

"இருக்கிறது. வாரம் முழுக்கத் தோகுரோவோடுதான் இருந்தது. அவர் துணியில் ஒரு நூலையாவது கடித்ததா?"

"அவனைக் கடிக்காது. என்னைத்தான் கடிக்கும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. மடியிலிருந்த பூனைகூட இறங்கிப் போய்விட்டது.

பிரபு வயிறு குலுங்கச் சிரித்தார். எல்லைக் கட்டை பழைய இடத்துக்கே போக வேண்டும் என்று தீர்ப்பானது. குதிரையைத் திருப்பித் தருவது பற்றி மட்டும் அவர் மூச்சு விடவில்லை. துறவியோ, "அந்த வயலின் கோயில் பங்கு அறுவடை அன்றே வந்துவிட வேண்டும்" என்று தோகுரோவின் காதில் போட்டுவைத்தார்.

"முனேதோகி, உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"அந்தப் பூனைகளைத் தோகுரோவுக்குக் கொடுத்துவிடுங்கள்."

"அவரைத்தான் எலி கடிக்காதே!"

"அவரைக் கடிக்காது, பிரபுவே. அவர் நெல்லைக் கடிக்கும். கோயிலையும் அதிகாரியையும் அரண்மனையையும் விரட்டுகிற பூனை எந்தத் தலைநகரிலும் கிடைக்காது. எலியையாவது விரட்டிக்கொள்ளட்டும்."

பிரபு சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.