நுணாச் சிவப்பும் பன்னிரண்டு கதவும்

போர்னியோக் காட்டில் ஓர் ஆற்றங்கரை. அங்கே ஒரே கூரையின் கீழ் ஒரு நெடுவீடு. பன்னிரண்டு கதவு, பன்னிரண்டு குடும்பம், எல்லோருக்கும் பொதுவாக ஒரே நீளக் கூடம்.

கடைசிக் கதவில் மரநாய் இருந்தது. தறியில் உட்கார்ந்தால் அதை மிஞ்ச ஆளில்லை. தலைக்கனத்திலும்தான்!

அதற்குக் குட்டி பிறந்தது. பிறந்த குட்டியைச் சிவப்புத் துணியில் சுற்றி ஆற்றில் முதல் முழுக்குப் போடுவது அந்த வீட்டு வழக்கம். சிவப்பைக் கண்டால் முதலை தொடாது. அது பழைய ஒப்பந்தம்.

நுணா வேரில்தான் அந்தச் சிவப்பு வரும். ஆனால் சாயம் பிடிக்க, நூலை முதலில் ஒரு தொட்டியில் ஊறவைக்க வேண்டும். அதில் பன்னிரண்டு கதவும் ஆளுக்கொன்று போடும்: உப்பு, இஞ்சி, எண்ணெய், இலை என்று.

"மரநாயக்கா, தொட்டி எப்போ வைக்கிறீங்க? இஞ்சி இடிச்சு வச்சிருக்கேன்!" என்றது முள்ளம்பன்றி.

"உன் இஞ்சி உன் குழம்புக்கே ஆகட்டும்! என் பூவேலையை எட்டிப் பார்க்கத்தானே இந்தச் சாக்கு?"

படாரென்று கதவைச் சாத்தியது மரநாய். தன் வீட்டு உப்பை மட்டும் போட்டு ஊறவைத்தது. சாயம் தோய்த்து, நெய்தும் முடித்தது.

அடேயப்பா, என்ன துணி! கூடத்தில் விரித்ததும் இருவாட்சி திறந்த அலகை மூட மறந்தது.

முழுக்கு நாள். வழக்கப்படி எல்லோரும் தங்கள் பழைய சிவப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தார்கள். மரநாய் குட்டியோடு ஆற்றில் இறங்கியது. ஒரே முழுக்கு! சிவப்பெல்லாம் கரைந்து தண்ணீரோடு போனது.

நடு ஆற்றில் முதலை தலைதூக்கியது. "சிவப்பைக் காணோமே! அப்படியானால் குட்டி எனக்குத்தான்!"

"ஐயோ, என் குட்டி!" மரநாய்க்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"எல்லோரும் இறங்குங்க!" என்று கத்திக்கொண்டே முதலில் பாய்ந்தது முள்ளம்பன்றி. பின்னாலேயே மற்ற பத்துக் கதவும். பதினொரு துணியையும் சேர்த்துப் பிடித்துத் தாயையும் குட்டியையும் சுற்றி நின்றார்கள். ஆற்றுக்குள் இன்னொரு நெடுவீடே எழுந்துவிட்டது.

முதலை மலைத்துப் போனது. "எத்தனை மழை கண்ட துணிகள்! ஒரு சொட்டுச் சிவப்புகூடப் போகவில்லையே!" என்று கண்ணைத் தாழ்த்தி, மெல்ல மூழ்கிப் போனது.

மரநாய் தேம்பியது. "முள்ளம்பன்றி, கொஞ்சம் இஞ்சி கிடைக்குமா?"

"கொல்லை நிறைய இருக்கு! முதல்ல கதவைத் திறந்து வைங்க அக்கா!"

எவ்வளவு திறமை இருந்தாலும், அக்கம்பக்கத்தின் கையைத் தள்ளிவிட்டுச் செய்த காரியம் முதல் தண்ணீருக்கே நிற்காது.