இடது காலுக்கு வேலை

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு சிறிய மடம். அதன் குரு வடிவம்மை ஒரு நாள் காலை பூசைக்கு எழுந்தவர், இடது பக்கமாகச் சரிந்து விழுந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது பேச்சு தெளிந்திருந்தது. இடது கால் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை.

சிஷ்யை கோமதி அவரைத் தாங்கிக்கொண்டாள்.

தாங்குவது அவளுக்குப் புதிதல்ல. படுக்கையில் விழுந்த மாமியாரைப் பல வருடம் பார்த்தவள். மாமியார் போன பிறகு அந்த வீட்டில் யாரும் அவளை எதற்கும் கூப்பிடவில்லை. ஐம்பதை நெருங்கும் வயதில் மடத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

இப்போது குருவைக் கட்டிலிலிருந்து தூக்கினாள். குளிப்பாட்டினாள். பக்கவாட்டில் தோளைக் கொடுத்து முற்றம் வரை கூட்டிப் போனாள். அவள் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது.

பிசியோதெரபிஸ்ட் மும்தாஜ் வாரம் ஒரு நாள் வருவாள். காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உயிர் இருக்கும்மா, பலம்தான் இல்ல. அதை நாமதான் உண்டாக்கணும்," என்றாள். கணுக்காலில் சின்ன மணல் பையைக் கட்டி, உட்கார்ந்தபடியே முழங்காலை நீட்டச் சொன்னாள். கைப்பிடியைப் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொன்னாள்.

வடிவம்மை தினமும் செய்தார். தொடை நடுங்கும். நெற்றி வியர்த்துக் கொட்டும். அவர் பாதி எழும்போதே கோமதியின் கை அக்குளுக்கு அடியில் வந்துவிடும்.

ஒரு நாள் கோமதிக்குப் பொறுக்கவில்லை.

"நான் இருக்கேன்லாம்மா? எதுக்கு இந்தப் பாடு?"

வடிவம்மை மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்தப் பழைய பேப்பரை ரெண்டாக் கிழி. காலுக்கு ஒண்ணா அடியில வை."

கோமதி வைத்தாள்.

"இப்போ நான் எந்திரிக்கேன். ரெண்டையும் இழு."

அவர் எழுந்தார். வலது காலுக்கு அடியில் இருந்த தாள் கிழிந்து வந்தது. இடது காலுக்கு அடியில் இருந்தது முழுசாக உருவிக்கொண்டு வந்தது.

"எந்திரிச்சது யாரு?"

"வலது கால்."

"அது மேல தப்பில்ல. கூடப் பிறந்ததுன்னு பாசம். எல்லாத்தையும் தானே தாங்கிக்கிடுது." வடிவம்மை உட்கார்ந்தார். "இடதைப் பாரு, எப்படி மெலிஞ்சு கிடக்குன்னு."

கோமதி கையிலிருந்த முழுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் அதைத்தான் செய்யுதேனாம்மா?"

"வலது காலைக் கொஞ்சம் முன்னால தள்ளி வை. அப்பதான் இடதுக்கு வேலை வரும்னு மும்தாஜ் சொன்னாள்லா?"

கோமதி குனிந்து வலது காலை நகர்த்தி வைத்தாள். பிறகு எழுந்து, தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக் கட்டிக்கொண்டாள்.

அது லேசான காரியமாக இல்லை. மறுநாள் வடிவம்மை பாதி எழுந்து, பொத்தென்று நாற்காலியில் விழுந்தார். கோமதி ஓரடி எடுத்து வைத்தவள், அப்படியே நின்றாள். கண் கலங்கிவிட்டது.

"பிடிக்க வரலியா?"

"வரலம்மா."

"நல்லது," என்று சொல்லிவிட்டு வடிவம்மை மறுபடி எழுந்தார்.

சாரல் காலம் முடிந்தது. ஐப்பசி மழையும் வந்தது. மணல் பைக்குப் பதிலாகக் கனமான வேறொன்றை மும்தாஜ் கொண்டு வந்தாள். தாழ்ந்த படி ஒன்றில் இடது காலை வைத்து ஏறவும் இறங்கவும், கைத்தடி ஊன்றி நடக்கவும் பழக்கினாள். விழுந்துவிடாமல் பிடிக்கிற தூரத்தில் கோமதி நிற்பாள், பிடிக்க மாட்டாள். சில நாள் கால் நன்றாக ஏறும். சில நாள் அடம் பிடிக்கும்.

கார்த்திகையில் ஒரு காலை கோமதி அடுப்படியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். முற்றத்தில் கைத்தடி ஊன்றும் சத்தம் கேட்டது. இடையிடையே தரையில் கால் உரசும் சத்தம்.

நிமிர்ந்தாள். வாசலில் வடிவம்மை நின்றார். தன் அறையிலிருந்து முற்றம் தாண்டி, படி ஏறி, தனியாக வந்திருந்தார். நடை பழையபடி இல்லை. இடது கால் கட்டைவிரல் இன்னும் தரையை உரசியது. ஆனால் கால் உடலைத் தாங்கியது.

ஓடிப்போய்ப் பிடிக்கக் கோமதியின் கை துடித்தது. அசையாமல் இருந்தாள். வடிவம்மை மெல்ல வந்து எதிரில் இருந்த முக்காலியில் தானாகவே உட்கார்ந்தார்.

"வந்துட்டீங்கம்மா!" கோமதி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து அழுகை மட்டும் மிஞ்சியது.

"எதுக்கு அழுத?"

கோமதி தேங்காய் மூடியைக் கீழே வைத்தாள். மாமியார் போன பிறகு அந்த வீட்டில் கிடந்த நாட்களெல்லாம் நினைவுக்கு வந்தன.

"இனிமே நான் எதுக்கும்மா?"

வடிவம்மை தடியைச் சுவரில் சாய்த்தார். அவளை நேராகப் பார்த்தார்.

"நீ தாங்கிக்கிட்டு இருந்தவரைக்கும் என் பக்கத்துலயே இருந்த. உன் முகத்தை என்னால பார்க்கவே முடியல, கோமதி. அதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் நடந்து வந்தேன்."