ஒழுக்குக்கு மூன்று விலை

கூரை ஒழுகினால் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று ஊரில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். பதினோரு விலை சொல்வார்கள். தூத்துக்குடி பிலோமினா டீச்சர் மூன்றே பேரிடம்தான் கேட்டார். அதற்கே அவருக்குத் தலை சுற்றிவிட்டது.

கடற்கரையிலிருந்து நாலாவது தெருவில் டீச்சருடைய வீடு. தேக்கு உத்திரம் போட்டு, அதன்மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்புத் தளம் போட்ட பழைய காலத்து வீடு. கல்யாணமாகி வந்த புதிதில், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி நின்றுகொண்டு துறைமுகத்துக் கப்பல்களை வேடிக்கை பார்ப்பார். இப்போது மூட்டுவலி. மாடி ஏறி வருஷக்கணக்காகிறது.

இதற்குமுன் மூன்று தடவை படுக்கையறை ஒழுகியது. மூன்று தடவையும் மேஸ்திரி சுடலைமணிதான் வந்து தளம் போட்டு, ஓடு பதித்துக் கொடுத்தார். ஒரு தடவை போட்டால் எட்டு வருஷத்துக்குச் சொட்டு விழாது. வேலையும் அத்தனை சுத்தம்! ஒரு கூடை இடிபாடு தெருவுக்கு வந்ததில்லை. அதில் டீச்சருக்குப் பெருமை வேறு.

இந்தப் பங்குனியில் படுக்கையறைக் கூரையில் மறுபடி மஞ்சள் கறை தெரிந்தது. அறைக் கதவும் இறுகிக்கொண்டு திறக்க மறுத்தது. மழையில் மரம் ஊதிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். மழை நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது. அதை அவர் யோசிக்கவில்லை. யோசிக்க நேரம் ஏது? மகள் ஜெனிட்டாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இங்கேதான் வருகிறாள். அந்த அறை உத்திரத்தில் இருக்கும் கொக்கியில்தான் ஜெனிட்டாவுக்கும் தொட்டில் கட்டினார்கள். பேத்திக்கும் அங்கேதான் கட்ட வேண்டும். பச்சைக் குழந்தையின் மேல் ஒழுகலாமா?

முதலில் வந்தவன் கம்பெனிக்காரன் அலெக்ஸ். மாடியை நாடா வைத்து அளந்தான், போட்டோ எடுத்தான். "முப்பத்தெட்டாயிரம் மேடம். கெமிக்கல் பூச்சு. பத்து வருஷம் கேரண்டி, எழுதியே தந்துருவோம்" என்றான்.

அடுத்து சுடலைமணி. "பூச்செல்லாம் ரெண்டு வெயிலுக்குத் தாங்காது டீச்சர். எப்பவும் போல கனமா ஒரு தளம் போட்டு ஓடு பதிச்சிருவோம். ஒரு லட்சத்து நாப்பதாயிரம் ஆகும். நம்ம வீடு, நான் பாத்துக்கிடுதேன்."

மூன்றாவதாக வந்தவள் ராஜகனி. சித்தாளாக மண் சுமந்து, பிறகு தானே ஆள் வைத்து வேலை எடுத்துச் செய்பவள். மாடிப்படியின் கடைசிப் படிவரைக்கும் போனாள், மாடியில் கால் வைக்கவில்லை. வெளிப்பக்கமாகத் திறக்கும் மாடிக் கதவின் அடியைத் தடவிப் பார்த்தாள்.

"டீச்சர், இந்தக் கதவை எத்தனை தடவ அறுத்தீங்க?" என்று கீழே பார்த்துக் கேட்டாள்.

"மூணு தடவ. தரையில இடிச்சுக்கிட்டே இருக்கும். ஆசாரியக் கூப்பிட்டு அறுத்துக்குவோம்."

அவள் முகம் மாறியது. இறங்கி வந்து படுக்கையறைக் கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்தாள்.

"அறுபதாயிரம் ஆகும். மேல இருக்கிறத எடுக்க மட்டும்."

"எடுத்துட்டு?"

"உத்திரத்தப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன். மூணு லட்சமும் ஆகலாம், அஞ்சும் ஆகலாம். அதுவரைக்கும் அந்த ரூமுக்குள்ள யாரும் படுக்காதீங்க."

டீச்சருக்கு எரிச்சல் வந்தது. இருக்கிற கூரையைப் பிய்த்துப் போடக் கூலியாம்! மொத்தம் எவ்வளவு என்று அவளுக்கே தெரியாதாம்! காசு பிடுங்குகிற வழி என்று தீர்மானித்து, பழகிய சுடலைமணிக்கே முன்பணம் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை மணல் வந்தது. மூட்டை மூட்டையாக மாடிக்கு ஏற்றினார்கள். படுக்கையறைக்கு நேர் மேலே குவித்தார்கள். கீழே டீச்சர் கொக்கியில் தன் பழைய நூல் சேலையைத் தொட்டிலாகக் கட்டினார். கட்டி முடித்தபோது தொட்டில் துணியில் வெள்ளையாக ஏதோ உதிர்ந்திருந்தது. தட்டிவிட்டார். மறுபடி உதிர்ந்தது. வெளியே போகலாம் என்று கதவை இழுத்தார். அசையவில்லை. நிலையின் மேல்கட்டை கதவின் தலையை அழுத்திக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, எப்படியோ திறந்துகொண்டு வந்தார். 'எத்தனை தடவ அறுத்தீங்க' என்ற குரல் அப்போதுதான் காதில் ஒலித்தது.

தட்டுத்தடுமாறி மாடி ஏறினார். மூச்சு வாங்க, வழக்கமான இடத்தில் சாய்ந்து நிற்கலாம் என்று முழங்கையை நீட்டினார். அங்கே சுவர் இல்லை. சுவர் அவர் முழங்காலில் இடித்தது.

கீழே வாசலில் ஆட்டோ வந்து நின்றது. "அம்மா!" என்று ஜெனிட்டா கூப்பிட்டாள்.

கதையை இங்கே நிறுத்துகிறேன். மூன்று பேரும் ஒரே கூரைக்குத்தான் விலை சொன்னார்கள். அவர்களில் யார் சொன்ன விலை சரி? கைப்பிடிச் சுவர் எங்கே போயிற்று?

விடை: சுவர் எங்கும் போகவில்லை. தரைதான் மேலே வந்துவிட்டது. இடிபாடே தெருவுக்கு வரவில்லை என்றால் பழைய தளத்தை உடைக்கவே இல்லை என்று அர்த்தம். மூன்று தடவையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு, அரை அரை அடியாக ஒன்றரை அடி பாரம் ஏற்றியிருந்தார்கள். மாடிக் கதவை அறுக்க வேண்டிவந்தது அதனால்தான். உத்திரம் வளைந்து நிலையை அழுத்தியதால்தான் கீழ்க்கதவு இறுகியது. அலெக்ஸின் பூச்சுக்குக் கனம் கிடையாது, ஆனால் ஏற்கெனவே இருக்கும் கனத்தை அது குறைக்காது. சுடலைமணி ஏமாற்றுக்காரர் இல்லை. பாவம், ஒழுக்கை மட்டுமே பார்த்தார். மொத்த விலை சொல்லாத ராஜகனி சொன்னதுதான் சரியான விலை. டீச்சர் மாடியிலிருந்தே "ஏட்டி, இறங்காத!" என்று கத்தினார். ஆட்டோவைத் தங்கை வீட்டுக்குத் திருப்பிவிட்டார். டீச்சர் ஆள் அனுப்பியதும் ராஜகனி ஓடிவந்து, மணலை யாரும் தொடக்கூடாது என்று எல்லாரையும் கீழே இறக்கினாள். மத்தியானம் மூன்று மணிக்கு உத்திரம் முறிந்தது. இடிபாட்டை அள்ள நாலு நாள் ஆயிற்று. கடைசியில் அந்தக் கொக்கி கிடைத்தது. நூல் சேலை அதில் கட்டியபடியே இருந்தது.