செம்பிக் கரடி ஏறிய பாறை

ஆற்றோரக் குகை ஒன்றில் கருவாயன் என்ற கரடியும் அவன் மனைவி செம்பியும் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்தார்கள். ஒரே வாரத்தில் இருவருக்கும் நெஞ்சு வலி வந்தது. பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கியது.

காட்டு வைத்தியர் மரங்கொத்தி இருவர் மார்பிலும் அலகால் தட்டிக் கேட்டார். இருவருக்கும் ஒரே பத்தியம்தான் சொன்னார். விடிந்ததும் நடக்க வேண்டும், காலையும் மாலையும் மருதம்பட்டை மெல்ல வேண்டும், தேனைத் தொடவே கூடாது. "ரெண்டு மாசத்துல வெள்ளம் வரும். உச்சிப்பாறை ஏறினாத்தான் பிழைக்கலாம்" என்று எச்சரித்துவிட்டுப் பறந்தார்.

செம்பி பம்பரமாய்ச் சுழன்றாள். விடியும் முன்பே கணவனை எழுப்பி நடக்க அனுப்பினாள். பட்டையை உரித்துக் கையில் கொடுத்தாள். அவன் முகம் சுளித்தால் கெஞ்சி மெல்ல வைத்தாள். அவள் நடக்கப் போனால் குட்டிகளை யார் பார்ப்பது? உரித்த பட்டையும் அவனுக்கே சரியாக இருந்தது. ஆனால் குட்டிகள் மிச்சம் வைத்த தேனடையைப் பார்த்தால் அவளுக்கு மனசு கேட்காது. வீணாகிறதே என்று தானே வழித்து நக்கிவிடுவாள். எந்த வீட்டில்தான் இது நடக்கவில்லை!

ஒரு மாதம் கழித்து வைத்தியர் வந்தார். கருவாயன் பாதி தேறியிருந்தான். செம்பியின் மார்பைத் தட்டியதும் அவர் முகம் வாடியது.

"முன்னைவிட மோசம். இந்த நெஞ்சோட நீ பாறை ஏற முடியாதும்மா."

செம்பி பதறிப்போனாள். "ஒரு நாள்கூடப் பத்தியம் தவறலையே ஐயா!"

"யாரோட பத்தியம்?"

செம்பி கணவனைப் பார்த்தாள். குட்டிகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

இவளுக்கு அக்கறையே இல்லை, நான் தினமும் நடக்கிறேன் என்று கருவாயன் பெருமையடித்தான். வைத்தியர் அவன் வாயை முகர்ந்தார். போதை ஏற்றும் ஊறிய இலுப்பைப்பூ வாடை! நடை என்ற பெயரில் அவன் இலுப்பை மரத்தடிக் கூட்டாளிகளிடம் போய்வந்த கதை வெளியே வந்தது.

செம்பி நிமிர்ந்தாள். "நாளையிலிருந்து முதல்ல நான் நடக்கிறேன். நீங்க குட்டிகளைப் பாருங்க. நான் வந்தப்புறம் நீங்க போகலாம், அவங்களையும் கூட்டிக்கிட்டு."

குட்டிகளோடு போனால் இலுப்பை மரத்தடியில் உட்கார முடியுமா? கருவாயன் வேறு வழியின்றிச் சரியென்று தலையாட்டினான். மறுநாள் நடை வழியில் குட்டிகள் அவன் மேல் ஏறி மிதித்ததைப் பார்த்துக் கூட்டாளிகள் சிரித்தார்கள். அவன் பொருட்படுத்தவில்லை. செம்பிக்கு வேண்டிய பட்டையை அவனே உரித்துக் கொடுத்து, அவள் மென்று முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தான். மிச்சத் தேன் எறும்புகளுக்குப் போனது.

அடுத்த மாதம் ஒரு காலையில் வெள்ளம் குகை வாசலைத் தொட்டது. செம்பி இரண்டு குட்டிகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டாள். எங்கும் நிற்காமல் ஏறினாள். உச்சியில் கால் வைத்ததும் திரும்பிப் பார்த்தாள். கருவாயன் பத்தடி கீழே வந்துகொண்டிருந்தான்.

"கையைக் கொடுங்க" என்று அவனைத் தூக்கிவிட்டு, காடே அதிரச் சிரித்தாள். மரங்கொத்தி பக்கத்து மரத்தில் மேளம் கொட்டினார்.

வீட்டாரின் உயிரைக் காப்பவர் தம் உயிரையும் அதே அக்கறையோடு காக்க வேண்டும். வீட்டாரும் அதற்குத் தோள் கொடுக்க வேண்டும்.