அசையாத மொத்தம்

நாமக்கல் முட்டைக் கிடங்கின் மேனேஜர் சிதம்பரநாதன் கம்ப்யூட்டர் கூட்டுவதை நம்பமாட்டார். எக்செல்லில் மொத்தத்தை மட்டும் தானே கூட்டி, தன் கையாலேயே அடிப்பார்.

அன்று லாரியில் ஏறிய முட்டைக்கும் மொத்தத்துக்கும் ஒத்துவரவில்லை. முதலாளியம்மா வந்து நின்றதும், புதிதாகச் சேர்ந்த பூங்கோதையை மேனேஜர் கைகாட்டினார்.

"இந்தப் பொண்ணு ஏதோ தப்பாப் பதிஞ்சிருக்குதுங்க. லாரி கிளம்பறதுக்குள்ள எந்த வரின்னு சொல்லட்டும். இல்லைன்னா நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்."

இருநூறு பண்ணைகள், இருநூறு வரிகள். பூங்கோதை ஒன்றையும் பார்க்கவில்லை.

"சார், முதல் பண்ணைக்குப் பத்து லட்சம் முட்டைன்னு போடுங்க."

"பைத்தியமா? மொத்தம் எகிறிடும்!"

"எகிறினா நான் இப்பவே போயிடறேனுங்க."

அடித்தார். மொத்தம் அப்படியே இருந்தது.

"பத்து லட்சம் முட்டை வந்தும் அசையலைங்களே சார்! காலையில நீங்க மொத்தம் அடிச்சப்புறம் மூணு பண்ணைக் கணக்கை நான் திருத்தினப்பவும் இப்படித்தான் உட்கார்ந்திருக்கும்."

முதலாளியம்மா சிரித்துவிட்டார். பூங்கோதை பழைய எண்ணைத் திரும்பப் போட்டு, மொத்தத்தில் கூட்டல் ஃபார்முலாவை வைத்தாள். லாரியோடு பொருந்தியது. உடனே அந்தக் கட்டத்தைப் பூட்டினாள்.

"பூட்டிட்டா நான் எப்படிம்மா மொத்தம் போடறது?" என்றார் மேனேஜர்.

"அதுவே போட்டுக்கும், நீங்க ஓய்வெடுங்க," என்ற முதலாளியம்மா பூங்கோதையிடம் திரும்பினார். "நாளைக்கு நேரத்துல வந்துரு கண்ணு."