மஞ்சள் தோள்

போலந்தில், விஸ்துலா ஆற்றங்கரையில் ஒரு பழைய நகரம். பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும், விட்டுவிடுவோம். கம்யூனிஸ்ட் ஆட்சி போனதும் ஜனங்கள் முதல் வேலையாக வாளியும் பிரஷ்ஷுமாகச் சதுக்கத்தில் இறங்கிவிட்டார்கள். நாற்பது வருடச் சாம்பல் நிறம் அவர்களுக்கு அவ்வளவு அலுத்திருந்தது.

மற்ற வீடுகள் வெறும் செங்கல், தேய்த்துக் கழுவினால் போதும். மூலை வீடு ஒன்றுதான் சுண்ணாம்பில் நிறம் கலந்து பூசியது. அதன் பழைய நிறம் என்ன? பெரியவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். "சரியான நிறத்தை ஆதாரத்தோடு சொல்பவருக்கு அந்த வீட்டின் கீழ்த்தளக் கடை" என்று மேயர் வெரோனிக்கா அறிவித்துவிட்டார்.

யாட்விகாவுக்கு உயிரே அந்தக் கடைமேல்தான். ஆலை கேன்டீனில் இருபது வருடம் முட்டைக்கோஸ் சூப் கிளறியவள் அவள். ஜாம் வைத்துப் பொரிக்கும் போன்ச்கியைச் சொந்தக் கடையில் விற்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

சதுக்கத்தில் கூட்டம் கூடியது. பேராசிரியர் லூட்விக் ஒரு பழைய ஓவியத்தை விரித்து, "சிவப்பு!" என்றார். படத்தில் வீடு செக்கச்செவேலென்று இருந்தது, கூரைமேல் கிடந்த பனியும்கூட.

பெயிண்டர் போக்டான் சிரித்தார். "அந்த வீட்டுல இருந்த அரசாங்கக் கடையோட தகரப் பலகையைச் சுத்திச் சாம்பல் நிறம் அடிச்சவனே நான்தான். அன்னைக்கு வீட்டிலிருந்து பேத்தெடுத்தது இது." கையில் பச்சைத் துண்டு, ஓரத்தில் துருப்பிடித்த ஆணி.

யாட்விகா அம்மாவின் நீலக் கோட்டைப் பிரித்தாள். தோளில் மஞ்சள் தீற்றல். "அந்தச் சுவர்ல சாஞ்சு நின்னப்போதான் அப்பா முதல் முத்தம் கொடுத்தாராம். அம்மா கடைசிவரைக்கும் இதைத் துவைக்கவே இல்லை."

"முத்தத்துக்கெல்லாம் கடையா?" என்றார் பேராசிரியர். எல்லோரும் சிரித்தார்கள். யாட்விகா கோட்டை மடிக்கவில்லை.

நீங்கள் மேயராக இருந்தால், சொல்லுங்கள், கடை யாருக்கு?

விடை: யாட்விகாவுக்குத்தான். பனியே சிவந்திருந்தால் அது அந்தி வெயிலின் வேலை. சுண்ணாம்புப் பூச்சில் ஆணி நிற்காது, அந்தப் பச்சைத் துண்டு ஜன்னல் கதவின் மரம். சாய்ந்தவர் தோளில் ஒட்டுவது சுண்ணாம்பு, சதுக்கத்தில் அது பூசிய சுவரும் ஒன்றே. மேயர் தகரப் பலகையைக் கழற்றச் சொன்னார். பின்னால், சாம்பல் படாத இடத்தில், மஞ்சள் பளீரென்றது. போக்டானே புது மஞ்சள் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார். கடை திறந்த அன்று பேராசிரியர் உட்படப் பாதி ஊர் அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு போன்ச்கி தின்றது. வீட்டுக்குப் போய் யாரும் கோட்டைத் துவைக்கவில்லை.