யானைக் கொட்டிலில் கட்டிய பாகன்

“யானைக்கு ஒரு வேளை கவளம் இறங்கலைன்னா அரண்மனையே ஓடி வருதுடி. பாகனுக்கு ஒரு மாசமா சோறு இறங்கலை, எவன் கேட்டான்?”

புல்லுக்கட்டு சுமந்து போன இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது இது. வேலிக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த நங்கையின் காதில் விழுந்தது. அந்தப் பாகன் அவளுடைய கணவன்.

பெரியோரே, பிள்ளைகளே, அந்த நாட்டின் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆற்றில் ஆண்டு முழுதும் தண்ணீர் ஓடிய காலத்தில் அங்கே ஓர் அரசர் இருந்தார். ‘கலங்காக் கோமான்’ என்பது அவர் பட்டம். அரசரே கலங்காதபோது குடிமக்கள் கலங்குவது மரியாதையா? ஆகவே அங்கே யாருக்கும் மனக்கவலை கிடையாது. காலில் முள் குத்தினால் வைத்தியர் உண்டு. குதிரைக்கு வயிறு உப்பினால் வைத்தியர் உண்டு. யானை முகம் வாடினால் வைத்தியர் உண்டு. மனிதன் முகம் வாடினால் அறிவுரை உண்டு, அதுவும் கேட்காமலே.

நங்கையின் கணவன் சேந்தன் பட்டத்து யானையின் பாகன். சென்ற மாரியில் அவன் தம்பியை ஆற்று வெள்ளம் கொண்டுபோயிற்று. மறுநாள் காலையே சேந்தன் வேலைக்கு வந்துவிட்டான். “எப்பேர்ப்பட்ட ஆண்பிள்ளை!” என்று ஊரே மெச்சியது. அதன்பின் அவன் தூங்கவில்லை. அதை மெச்ச யாரும் வரவில்லை.

பத்து நாளில் திருவிழா. அரசரை ஏற்றிக்கொண்டு கூட்டத்தின் நடுவே யானையை நடத்த வேண்டியவன் சேந்தன். அவனோ அங்குசத்தை எங்கே வைத்தோம் என்றே தேடிக்கொண்டிருந்தான். அன்று கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டு, “நான் இல்லாமப் போனா உனக்காவது நிம்மதி, நங்கை” என்றான்.

நங்கை மூன்று பேரிடம் ஓடினாள்.

படைத்தலைவர் மீசையைத் தடவினார். “தூக்கம் வரலையா? நூறு தண்டால் எடுக்கச் சொல்லு. தானா வரும்.”

சேந்தன் நூறு தண்டால் எடுத்தான். தூக்கம் வரவில்லை, தோள்வலி வந்தது.

மந்திரி பெருமூச்சு விட்டார். “பக்கத்து நாட்டில் பஞ்சம், தெரியுமா? அவர்களை நினைத்தால் தன் துன்பம் சிறிதாகிவிடும்.”

சேந்தன் நினைத்துப் பார்த்தான். தம்பியை இழந்த துயரத்தோடு பஞ்சத்தின் கவலையும் சேர்ந்துகொண்டது.

அரண்மனைப் பண்டிதர் கண்ணை மூடினார். “மனம் என்று ஒன்று இல்லவே இல்லையம்மா. இல்லாததற்கு எப்படி நோய் வரும்?”

இதற்கு என்ன செய்வதென்று சேந்தனுக்குப் புரியவில்லை. நங்கைக்கும்தான்.

திரும்பும் வழியில் யானைக் கொட்டிலைப் பார்த்தாள். யானை வைத்தியர் ஆதிச்சன், யானைகளைக் கட்டும் தூணான தறி ஒவ்வொன்றின் முன்னும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் பார்ப்பார். அரசாணை அப்படி: ‘தறியில் கட்டியிருப்பதை வைத்தியர் நாள்தோறும் பார்க்க வேண்டும்.’ ஆணையில் யானை என்று எழுதவில்லை. தறியில் வேறு எதைக் கட்டுவார்கள்?

மறுநாள் காலை மூன்றாம் தறியில் சேந்தன் உட்கார்ந்திருந்தான். கணுக்காலில் வைக்கோல் பிரி. பக்கத்தில் நங்கை.

“என்னம்மா இது?”

“தறியில கட்டியிருக்கு ஐயா. பாருங்க.”

ஆதிச்சன் அவள் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து, யானைக்குக் கேட்கும் கேள்விகளையே கேட்டார்.

“தீனி இறங்கி எத்தனை நாள்?”

“ஒரு மாசம்” என்றாள் நங்கை.

“தூக்கம்?”

“மாரியிலேர்ந்து இல்லை.”

“கூட இருந்த எதையாவது பிரிந்ததா?”

இதை மூன்று பெரியவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. சேந்தன் வாயைத் திறந்தான். “தம்பி” என்றான். பிறகு நெடுநேரம் அழுதான். அழாதே என்று வைத்தியர் சொல்லவில்லை. யானையிடம் அப்படிச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

பிறகு ஓலையில் எழுதினார்: ‘நாற்பது நாள் வேலை கிடையாது. ஆற்றுக் குளியல், காலை நடை, நேரத்துக்குத் தீனி. தனியே விடலாகாது, பழகியவர் ஒருவர் எப்போதும் அருகிருக்க வேண்டும். தம்பியைப் பற்றிப் பேசினால் தடுக்காமல் கேட்க வேண்டும்.’

சேதி அரண்மனைக்குப் போயிற்று. அரசர் பல்லக்கில் வந்தார். பின்னால் மூன்று பெரியவர்களும் வந்தார்கள்.

“பட்டத்து யானை இன்னொருவனுக்குப் பணியாது. திருவிழா என்னாவது? இவன் என்ன யானையா, வைத்தியம் பார்க்க?” என்று கேட்டார் அரசர்.

“இல்லை, அரசே. யானையாக இருந்திருந்தால் முதல் நாளே பார்த்திருப்போம்” என்றார் ஆதிச்சன்.

படைத்தலைவர் மீசையை விட்டுவிட்டார். மந்திரிக்கு இருமல் வந்தது. பண்டிதர் கண்ணை மூடிக்கொண்டார். அது அவருக்குக் கைவந்த கலை.

“நாற்பது நாளில் குணமாகுமா?”

“தெரியாது, அரசே. ஆகாவிட்டால் இன்னொரு நாற்பது. யானைக்கும் அப்படித்தான்.”

அரசர் ஓலையை இரண்டு முறை படித்தார்.

உடல்நோயைப் போலவே மனநோயையும் முதல் அறிகுறியிலேயே கேட்டறிந்து கவனிக்க வேண்டும் என்பதே இக்கதையின் நீதி.

திருவிழா அன்று கலங்காக் கோமான் அரண்மனையிலிருந்து கோயில்வரை நடந்தே போனார்.